பெருக்கல் மட்டும் சரி

ரெட்டியார்பாளையம்
6 மார்ச் 2006

பலராமனுக்கு,

நேற்று மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் பூர்ணிமாதான் எடுத்தாள். "அவரு குளிக்கறாரு அண்ணி" என்று மூன்று தடவையும் சொன்னாள். ஒரே நாளில் இத்தனை தடவை குளிக்கிற புருஷனை அவள் எங்கிருந்து பிடித்தாளோ தெரியவில்லை. அக்காவிடம் போனில் பேச மாட்டாய் என்றால் எழுதத்தான் வேண்டும். ஒரே ஊருக்குள், ரெட்டியார்பாளையத்திலிருந்து கருவடிக்குப்பத்துக்குத் தபால். உன் மாமா சிரிக்கிறார்.

நீ புத்தகம் போட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. "உயிர் தற்செயலா?" என்று தலைப்பு வைத்ததிலும் இல்லை. முதல் பக்கத்தைத் திருப்பினால், "கணக்குகளைச் சரிபார்த்து உறுதி செய்தவர்: புள்ளியியல் பேராசிரியை அமிர்தவல்லி" என்று இருக்கிறதே, அதைச் சொல். நான் எதைச் சரிபார்த்தேன்? பொங்கலன்று சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும்போது வந்து, நூறு இருபதுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் எவ்வளவு வரும் என்று கேட்டாய். ஒன்றுக்குப் பின்னால் நூற்று முப்பது சைபர் போட்டுக்கொள், கிட்டத்தட்ட சரி என்றேன். அவ்வளவுதான். அதற்கு மேல் முப்பத்தோராம் பக்கத்தில், "ஆகவே உயிர் தானாகத் தோன்றியிருக்க முடியாது என்பது கணிதப்படி நிரூபணம்" என்று எழுதியிருக்கிறாயே, அது எப்போது என்னிடம் வந்தது?

சனிக்கிழமை உன் புத்தக வெளியீட்டில் நான் பேசியதற்குத்தான் கோபம் என்று பூர்ணிமா சொன்னாள். உங்கள் மன்றத் தலைவர் மேடையிலிருந்து, "இதை நாம சொல்லலை, காலேஜ் பேராசிரியையே உறுதி பண்ணிக் குடுத்திருக்காங்க" என்று சொல்லி என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எழுந்தேன். "பெருக்கல் மட்டும் சரிங்க. அதுலேருந்து எடுத்த முடிவு சரியில்லை. அதை நான் பார்க்கவே இல்லை" என்றேன். உட்கார்ந்துவிட்டேன். இதே தப்பைச் செய்கிற பிள்ளைகளுக்கு நான் வகுப்பில் மார்க் குறைக்கிறேன். அங்கே கைதட்டலை வாங்கிக்கொண்டு வந்தால் அந்தப் பெண்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

மீதியிருக்கும் பிரதிகளிலிருந்து என் பெயரை எடுத்துவிடு.

அமிர்தவல்லி


கருவடிக்குப்பம்
15 மார்ச் 2006

மதிப்பிற்குரிய பேராசிரியை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் பெயரை எல்லாப் பிரதிகளிலும் கறுப்பு மை வைத்து அடித்துவிட்டேன். இப்போது புத்தகத்தைக் கையில் எடுக்கிற எல்லாரும், உயிர் எப்படி வந்தது என்று கேட்பதில்லை. இங்கே யார் பெயர் இருந்தது என்றுதான் கேட்கிறார்கள்.

சனிக்கிழமை மூன்றாவது வரிசையில் எங்கள் மேனேஜர் உட்கார்ந்திருந்தது தங்களுக்குத் தெரியாது. மாத்திரைக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறவன் நான். என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டி வெளியே போகாது. திங்கட்கிழமை பேக்கிங்கில் இருக்கும் பெண்கள், "சார், உங்க கூடப் பொறந்தவங்களே ஒத்துக்கலையாமே" என்று கேட்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஆயிரம் திட்டியிருக்கலாம். எட்டு வயதில் எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று தப்பு என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

சரி, தப்பு என்கிறீர்கள். என்ன தப்பு? ஒரு சாதாரணப் புரதம், நூறு கண்ணி உள்ள சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் இருபது வகை அமினோ அமிலங்களில் ஏதாவது ஒன்று வரலாம். சரியான வரிசை தானாக அமைய, ஒன்றுக்குப் பின்னால் நூற்று முப்பது சைபர் போட்ட எண்ணில் ஒரு வாய்ப்பு. இதில் எந்த இடம் உதைக்கிறது என்று எளியேனுக்கு விளக்கினால் நல்லது.

இப்படிக்கு,
பலராமன், எம்.எஸ்ஸி. (வேதியியல்)


ரெட்டியார்பாளையம்
24 மார்ச் 2006

பலராமா,

இன்னொரு தடவை "பேராசிரியை அவர்களுக்கு" என்று எழுதினால் உறையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

மேனேஜர் இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருப்பேன்.

இனி உன் கணக்கு. "சரியான வரிசை" என்கிறாய். ஒரே ஒரு வரிசைதான் வேலை செய்யும் என்று உனக்கு யார் சொன்னது? இன்சுலினையே எடுத்துக்கொள். பன்றியின் இன்சுலினில் ஓர் இடம் நம்முடையதிலிருந்து வேறு, மாட்டினுடையதில் மூன்று இடம் வேறு. வருஷக்கணக்காக அதைத்தானே சர்க்கரை நோயாளிகளுக்குப் போட்டார்கள்? வேறு எத்தனை வரிசைகள் வேலைக்கு ஆகும் என்று எண்ணிப் பார்க்காமல், கீழே மட்டும் நூற்று முப்பது சைபர் போட்டுவிட்டு மேலே "ஒன்று" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒன்று உன் ஆசை, கணக்கு இல்லை. இருபது வகையும் சமமாகக் கலந்து, ஒன்றை ஒன்று சட்டை செய்யாமல் ஒட்டிக்கொள்ளும் என்று வைத்திருக்கிறாய். மூலக்கூறுகள் அப்படியா நடந்துகொள்ளும்? அதை வேதியியல் படித்த நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்.

அதைவிட, எல்லாம் ஒரே வீச்சில் கூடிவர வேண்டும் என்கிறாய். ஆறு பக்கமுள்ள பத்துத் தாயக்கட்டையை உருட்டிப் பத்திலும் ஆறு விழ வேண்டும் என்றால் ஆறு கோடிக்கு மேல் உருட்ட வேண்டியிருக்கும். ஆறு விழுந்ததை அப்படியே வைத்துவிட்டு மற்றதை மட்டும் உருட்டு. பெரும்பாலும் இருபது வீச்சுக்குள் முடிந்துவிடும். முதல் உயிர், இன்றைய புரதத்தோடு முழுசாக ஒரே நொடியில் வந்தது என்று இதில் ஆராய்ச்சி செய்கிற யாரும் சொல்வதில்லை. யாரும் சொல்லாததை நீ தோற்கடித்திருக்கிறாய்.

இதெல்லாம் போகட்டும், உன் எண் சரியென்றே வைப்போம். ஒரு கட்டுச் சீட்டிலிருந்து மாமாவுக்குப் பதின்மூன்று சீட்டு போடுகிறார்கள். எந்தப் பதின்மூன்று வந்தாலும், அதே பதின்மூன்று வர அறுபத்து மூவாயிரம் கோடியில் ஒரு வாய்ப்புதான். அதற்காக, போட்டவன் ஏமாற்றினான் என்று மாமா எழுந்துவிடுவாரா? தானாக நடந்தால் இது அபூர்வம் என்பது ஒன்று. அபூர்வமானதால் இது தானாக நடக்கவில்லை என்பது வேறொன்று. முதலாவதைக் கணக்குப் போட்டுவிட்டு இரண்டாவதை அச்சடித்திருக்கிறாய்.

அக்கா


கருவடிக்குப்பம்
9 ஏப்ரல் 2006

அக்காவுக்கு,

மூலக்கூறு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். எல்லாம் சமமாக ஒட்டாது. எழுதும்போதே எனக்குத் தெரியும், எழுதினால் கணக்கு போட முடியாமல் போகும் என்று விட்டுவிட்டேன். இன்சுலினையும் ஒத்துக்கொள்கிறேன்.

தாயக்கட்டையை மட்டும் விட மாட்டேன். ஆறு விழுந்ததை எடுத்து ஓரமாக வைப்பது யார்? நீ. ஆறுதான் வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்த ஆள் நீ. உன் உதாரணத்துக்குள்ளேயே ஒரு கை இருக்கிறது. அந்தக் கை யாருடையது என்பதுதான் என் புத்தகமே. என்னைத் திருத்த வந்துவிட்டு, என் பக்கத்துச் சாட்சியை நீயே கூட்டிவந்திருக்கிறாய்.

நீ நினைப்பதுபோல் ஊரை ஏமாற்ற நான் இதை எழுதவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக நானும் பூர்ணிமாவும் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. ஒவ்வொரு டாக்டரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்: "வாய்ப்பு கம்மிதான்." இந்தத் தடவை வாய்ப்பு இவ்வளவு, அடுத்த தடவை அதில் பாதி. உலகமே வெறும் வாய்ப்புதான் என்றால் எனக்கு மூச்சு முட்டுகிறது அக்கா. யாரோ ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று இருக்க வேண்டும் எனக்கு.

வருஷப் பிறப்புக்கு நாங்கள் வரவில்லை. பூர்ணிமா வருவதாக இருந்தால் வரட்டும்.

பலராமன்


ரெட்டியார்பாளையம்
22 ஏப்ரல் 2006

பலராமா,

பூர்ணிமாவும் வரவில்லை. பாயசத்தை நானும் மாமாவும் இரண்டு நாள் குடித்தோம்.

உன் கேள்வி சரியான கேள்வி. இதை எழுதுவதற்குள் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கிக்கொள்ளும் ஏதோ ஒன்று வந்துவிட்டால், அதன் பிறகு எடுத்துவைக்கக் கை வேண்டாம். நன்றாகப் பெருகுவது மிஞ்சும், பெருகாதது போகும். ஆனால் அந்த முதல் ஒன்று வரும்வரை? அதுவரைக்கும் என் தாயக்கட்டை செல்லாது. நீ பிடித்தது சரி. அந்த இடத்தில் என்ன நடந்தது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. படித்தவரை சில வழிகள் சொல்கிறார்கள், எதுவும் முடிந்தபாடில்லை.

ஆனால் "தெரியாது" என்பதும் ஒரு விடைதான். அதற்குப் பக்கத்தில் நூற்று முப்பது சைபர் போட உனக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. வழியே தெரியாத ஒன்றுக்கு வாய்ப்பைக் கணக்கிட முடியாது.

யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நீ நம்புவதை நான் எங்கே தடுத்தேன்? வெள்ளிக்கிழமை நான் விளக்கேற்றவில்லையா? அதற்கு முன்னால் உட்கார்ந்து எந்தக் கணக்கும் போடுவதில்லை. நீயும் போடாதே. உனக்கு மூச்சு முட்டுகிறது என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தால், நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்.

அக்கா


கருவடிக்குப்பம்
18 ஜூன் 2006

அக்காவுக்கு,

இத்துடன் ஒரு நோட்டீஸ் வைத்திருக்கிறேன். மார்க்கெட் சுவரில் ஒட்டியிருந்தார்கள், பசை காய்வதற்குள் உரித்து எடுத்தேன். உங்கள் கல்லூரி விலங்கியல் துறை கலியபெருமாள் பேசும் கூட்டம். தலைப்பைப் பார்: "உயிர் தானாகத் தோன்றியே தீரும்: கணித நிரூபணம்." கீழே, "கணக்கு உதவி: புள்ளியியல் பேராசிரியை அமிர்தவல்லி."

நீ சொல்லாததை நான் போட்டேன் என்று எழுந்து நின்றாயே, இந்தக் கூட்டத்திலும் எழுந்து நிற்பாயா? நானும் வந்து மூன்றாவது வரிசையில் உட்காருகிறேன். உன் பெயரை இப்போது இரண்டு கட்சியும் வைத்திருக்கிறோம். பார்க்கப்போனால் நான் தேவலை, நீ சொன்னதும் மை வைத்து அடித்துவிட்டேன்.

மூன்று மாதத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது இன்றைக்குத்தான்.

பலராமன்


ரெட்டியார்பாளையம்
25 ஜூன் 2006

பலராமா,

சிரி. நன்றாகச் சிரி.

உனக்கு எழுதிய கடிதத்தில் இன்சுலின் விவரம் சரியா என்று கலியபெருமாளிடம் கேட்டேன். அதுதான் "கணக்கு உதவி". நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் அறையில் அவரைப் பிடித்தேன். கோடானுகோடி நட்சத்திரம், அதற்குக் கோடானுகோடி கிரகம், அதையெல்லாம் ஒரு சின்ன எண்ணால் பெருக்கினாராம், ஒன்றுக்கு மேல் வந்துவிட்டதாம். "அந்தச் சின்ன எண் எங்கேருந்து வந்துச்சு?" என்றேன். "அது ஒரு உத்தேசந்தான் மேடம்" என்றார். உன் மேல் பட்ட கோபத்தைவிட அதிகம் வந்தது. நீ மேலே ஒன்று போட்டாய், அவர் கீழே வேண்டியதைப் போட்டுக்கொண்டார். இருவரையும் ஒரே வீட்டில் குடிவைக்க வேண்டும். கூட்டத்துக்குப் போனேன், எழுந்து நின்றேன், சொன்னேன். நீ வரவில்லை என்று கவனித்தேன். இப்போது அவரும் என்னோடு பேசுவதில்லை.

அதை விடு. நேற்று பெரிய மார்க்கெட்டில் பூக்கடை வரிசையில் பூர்ணிமாவைப் பார்த்தேன். மீன் வாடை வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். என்னடி என்றேன். "மூணு மாசம் முடிஞ்சிடுச்சி அண்ணி" என்றாள். அந்த நெரிசலில் அவளைக் கட்டிக்கொண்டு நின்றேன், மூட்டை தூக்குகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். "உங்க தம்பிதான் சொல்லக் கூடாதுன்னாரு. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னால முடியல" என்றாள்.

பதினோரு வருஷம் கழித்து வந்த சேதி. அதை மறைத்துவிட்டு, சுவரிலிருந்து நோட்டீஸ் உரித்து எனக்கு அனுப்பியிருக்கிறாய். உன்னை என்ன செய்வது?

அக்கா


கருவடிக்குப்பம்
19 ஜூலை 2006

அக்கா,

இதைப் படித்ததும் வீட்டுக்கு ஓடிவந்துவிடாதே. உன்னைப் பார்த்தால் பூர்ணிமா அழுவாள், அவள் அழுதால் நான் தாங்க மாட்டேன். போனும் வேண்டாம். எழுது.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது என்பதால் டாக்டர் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். டவுன் சிண்ட்ரோம் இருக்குமா என்று பார்க்கும் பரிசோதனை. ரிப்போர்ட் வந்திருக்கிறது. "அதிக அபாயம்" என்று சிவப்பில் அடித்து, நாற்பதில் ஒன்று என்று போட்டிருக்கிறது. இதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று டாக்டரைக் கேட்டேன். "அந்தப் பிரச்னை இருக்கற குழந்தைங்கள்ல பத்துல ஏழ இந்த டெஸ்ட் புடிச்சிடும்" என்றார். பத்தில் ஏழு அக்கா. அப்படியென்றால் எங்கள் குழந்தைக்கு எழுபது சதவீதம் என்றுதானே அர்த்தம்? பிறகு நாற்பதில் ஒன்று என்பது என்ன? டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

சென்னைக்குப் போய் வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தால் நிச்சயமாகத் தெரியுமாம். அந்த ஊசியால் இருநூறில் ஒருவருக்குக் கரு கலையவும் கூடுமாம்.

பூர்ணிமா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எண் விஷயத்தில் உன்னைத் தவிர யாரையும் நான் நம்ப மாட்டேன். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சீக்கிரம் எழுது.

பலராமன்


ரெட்டியார்பாளையம்
20 ஜூலை 2006

பலராமா,

மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் எதுவும் கேட்க மாட்டார், ஒரு டம்ளர் காபி கொடுத்து அனுப்பு.

எழுபது சதவீதம் இல்லை. முதலில் அதை மனசிலிருந்து எடு. அந்தப் பிரச்னை உள்ள பத்துக் குழந்தைகளை எடுத்துக்கொண்டால் ஏழைப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும் என்றுதான் டாக்டர் சொன்னார். அது குழந்தையிலிருந்து பரிசோதனையைப் பார்ப்பது. உனக்கு வேண்டியது, பரிசோதனையிலிருந்து குழந்தையைப் பார்ப்பது. அது வேறு எண். அதைத்தான் ரிப்போர்ட்டில் நாற்பதில் ஒன்று என்று போட்டிருக்கிறார்கள். இதே முடிவு வந்த நாற்பது தாய்மாரை வரிசையாக நிற்கவை. ஏறக்குறைய முப்பத்தொன்பது பேருக்கு அந்தப் பிரச்னை இல்லாத குழந்தைதான் பிறக்கும்.

பூர்ணிமாவிடம் இதைச் சொல். இதையும் சேர்த்துச் சொல்: அந்த வரிசையில் ஒருத்தியும் நிற்கிறாள். அந்த ஒருத்தி பூர்ணிமா இல்லை என்று நான் சொல்லவில்லை. யார் அவள் என்று எந்தக் கணக்கும் சொல்லாது.

ஊசி போடலாமா என்று என்னைக் கேட்காதே. விடை தெரிந்தால் நீங்கள் இருவரும் என்ன செய்வீர்கள் என்பதைப் பொறுத்தது அது. அதை அவளிடம் கேள். டாக்டரிடமும் மறுபடி போ, அடுத்தவரைக் கூப்பிட்டாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே.

வரக் கூடாது என்கிறாய், வரவில்லை. ஆனால் இது நல்ல ஏற்பாடு என்று மட்டும் நினைக்காதே.

அக்கா


கருவடிக்குப்பம்
2 ஆகஸ்ட் 2006

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பூர்ணிமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளே வாங்கி இன்னொரு தடவை படித்தாள். அன்று ராத்திரி இரண்டு தோசை சாப்பிட்டாள்.

மறுநாள் சென்னைக்கு டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டேன். "தெரிஞ்சிக்கிட்டு என்ன பண்ணப் போறோம்? இருக்குதுன்னா வேணாம்னு சொல்லிடுவீங்களா?" என்றாள். நான் யோசித்தேன். யோசிக்காமல் சொன்னேன் என்று பொய் எழுத மாட்டேன். பிறகு, சொல்ல மாட்டேன் என்றேன். "அப்ப ஊசி எதுக்கு? இத்தினி வருஷம் கழிச்சி வந்தத ஊசி போட்டு ஏன் கலைக்கணும்?" என்றாள். முடிந்தது. வீட்டிலும் வெளியிலும் எனக்கு வாய்த்த பெண்கள் எல்லாரும் வாதத்தில் என்னை ஜெயிக்கிறவர்களாகவே இருக்கிறீர்கள்.

புத்தகத்தின் முப்பத்தோராம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். டாக்டர் சொன்னதை எந்தப் பக்கமாகத் திருப்பிப் பயந்தேனோ, அதே பக்கமாகத்தான் அங்கேயும் திருப்பியிருக்கிறேன். மீதிப் பிரதிகளைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். சாமி விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை. முன்னைவிட அதிகம் கும்பிடுகிறேன். அந்தப் பக்கம் தப்பு, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வா என்று எழுத நினைக்கிறேன், எழுத வரவில்லை. அந்தச் சனிக்கிழமை இன்னும் தொண்டையில் நிற்கிறது. கொஞ்ச நாள் போகட்டும்.

பலராமன்


கருவடிக்குப்பம்
12 டிசம்பர் 2006

அக்கா,

குழந்தை நேற்று முன்தினம் பிறந்துவிட்டது. பூர்ணிமா நன்றாக இருக்கிறாள்.

அந்த நாற்பதில் ஒன்று எங்களுடையது.

குழந்தை டாக்டர் கையில் எடுத்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. கண்ணின் சாய்வு, உள்ளங்கை ரேகை, கழுத்துச் சதை எல்லாம் காட்டினார். உறுதி செய்ய ரத்தம் சென்னைக்குப் போயிருக்கிறது, ஆனால் தனக்குச் சந்தேகம் இல்லை என்றார். இருபத்தோராவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கும். இப்படிப் பிறக்கிற குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இதயத்தில் கோளாறு இருக்கும் என்றார். ஸ்கேன் எடுத்ததில் ஒரு சின்னத் துளை. அது தானாக மூடிக்கொள்ளலாம், மூடாமலும் போகலாம். காது கேட்காமல் போக ஒரு வாய்ப்பு, தைராய்டு கோளாறுக்கு ஒரு வாய்ப்பு, நடப்பதும் பேசுவதும் தாமதமாகும். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று கேட்டு ஒரு தாளில் எழுதிவைத்திருக்கிறேன். இத்துடன் அதையும் அனுப்புகிறேன். எல்லாவற்றையும் சேர்த்தால் மொத்தத்தில் என்ன வருகிறது என்று பார்த்துச் சொல்.

நீ தப்பாகச் சொல்லவில்லை. அந்த ஒருத்தியும் வரிசையில் நிற்கிறாள் என்று எழுதியிருந்தாய், எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு நாளாக உன் மேல்தான் கோபம். முப்பத்தொன்பது என்று நீ எழுதியதை, நீ வாக்குக் கொடுத்ததாக நான் எடுத்துக்கொண்டேன்போல. சாமி மேலும் கோபம். யார் மேல் படுவது என்று தெரியாமல் நர்ஸ் மேல் எரிந்து விழுந்தேன். பூர்ணிமாதான் என்னைப் பார்த்து, "போங்க, போயி அண்ணிக்கு எழுதுங்க" என்றாள்.

பலராமன்


ரெட்டியார்பாளையம்
13 டிசம்பர் 2006

பலராமா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். குரோமோசோம் இருக்கிறது, காது இருக்கிறது, தைராய்டு இருக்கிறது. துளை எத்தனை மில்லிமீட்டர் என்றுகூடத் தாளில் இருக்கிறது. அடே, பிறந்தது பெண்ணா பையனா என்று எங்கேயும் இல்லை.

எடை என்ன? அழுகிறதா? பால் குடிக்கிறதா? தலையில் முடி இருக்கிறதா? பூர்ணிமாவைக் கொண்டிருக்கிறதா, நம் வீட்டு மூக்கா? மாமா கேட்கிறார், நான் என்ன பதில் சொல்வது? இரண்டு நாளாக உன் பக்கத்தில் படுத்திருக்கிற குழந்தையை நீ சரியாகப் பார்த்தாயா இல்லையா?

உன் தாளைப் பார்க்க மாட்டேன். அதிலிருக்கும் எதையும் எதனாலும் பெருக்க மாட்டேன். அந்த எண்களெல்லாம் ஊரில் இருக்கிற மற்றக் குழந்தைகளைப் பற்றியவை. உன் குழந்தையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

கோபத்தை என் மேலேயே வைத்துக்கொள். நான் பழகியவள். நர்ஸிடம் போய் மன்னிப்புக் கேள்.

இன்று பரீட்சை மேற்பார்வை, மூன்றரைக்கு முடியும். நேராக ஆஸ்பத்திரிக்கு வருகிறேன், இந்தத் தடவை உன் அனுமதியைக் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை மாமா கொண்டுவருகிறார். கூடவே பூர்ணிமாவுக்குப் பத்தியச் சாப்பாடும் பழைய வேட்டித் துணியும் இருக்கிறது. துணியை மடித்துக் குழந்தைக்கு அடியில் விரி. நான் வரும்போது தூங்கினாலும் சரி, அழுதாலும் சரி, எடுத்து என் கையில் கொடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

குழந்தையின் அத்தை